நல்ல தண்ணீரில் கழுவிய பால்

என் கையெழுத்தை வாசிக்கப் போகிறவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதன்பிறகு நான் பேனை பிடித்தது கையொப்பம் வைக்கவும், பால் அட்டையில் லீற்றர் எழுதவும் மட்டும்தான். எழுத்துகள் ஒன்று சரிந்தும் ஒன்று நிமிர்ந்தும் நிற்கின்றன. எந்த இடத்தில் எந்த ள வரும் என்று இன்னும் பயம். கிருமி என்ற சொல்லை மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டு மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் நிச்சயமில்லை. பிழைகளை மன்னித்து, திருத்தி வாசியுங்கள்.

வாயால் சொல்லியிருக்கலாம். பால்காரர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லும்படி இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் எழுந்தேன். சொல் வரவில்லை. “அண்ணைக்கு கதிரை சுட்டிட்டுது போல, ஆறட்டும் எண்டு எழும்பி நிக்கிறார்” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். போன மாரியில் என் மாடு சுட்டியை இறைச்சிக்குக் கொடுக்கும் நிலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதுதான் விஷயம்.

எனக்கு இரண்டு கறவை மாடுகள். ஒன்று சிவப்பு. மற்றது கறுப்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருப்பதால் சுட்டி. கோப்பாய்ப் பக்கம் ஓர் ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது. அதற்கு அப்பால் தோட்டங்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விடியக் கறந்து, பால் கானைச் சைக்கிள் கரியரில் கட்டி, சந்தியில் உள்ள பால் நிலையத்துக்குக் கொண்டுபோவேன். கானை வைத்தால் அளப்பார்கள், அட்டையில் எழுதுவார்கள். “ஓம்” என்ற ஒரு சொல்லோடு திரும்பலாம். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான். மனிதர்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். சுட்டியோடு இல்லை. சாணி அள்ளும்போது, புல்லுப் போடும்போது, கறக்கும்போது ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். “என்னட்டைக் கேக்கிறதுக்கு முதல் அவளிட்டையல்லோ கேப்பியள்” என்று மனைவி குத்திக்காட்டுவாள்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. கொட்டில் நிலம் சேறாகி, சாணியும் சலமும் மழைத்தண்ணீரும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மாடுகள் அதிலேயே படுத்தெழும்பின. கோடையில் கழுவிய கானை வேலிக் கதியாலில் கவிழ்த்துவிட்டால் மத்தியானத்தில் தொட முடியாது, அப்படிச் சுடும். மாரியில் அதே கான் பின்னேரமும் உள்ளே வியர்த்தபடி இருந்தது. அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. கழுவியதுதானே என்று நினைத்தேன்.

பால் நிலையத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் பாலையும் ஸ்பிரிட்டையும் சம அளவில் விட்டு ஆட்டிப் பார்ப்பார்கள். நல்ல பால் கண்ணாடியில் ஒட்டாமல் வழியும். பழுதான பால் மணல் ஒட்டியதுபோல் பொட்டுப் பொட்டாகத் திரையும். எத்தனையோ வருடங்களாக என் பாலை ஆட்டிப் பார்க்கும்போது நான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கும் அப்படித்தான் நின்றேன்.

“அண்ணை, இஞ்சை பாருங்கோ. திரைஞ்சு போச்சு” என்றார் நிலையத்துக்காரர்.

குழாயைப் பார்த்தேன். கண்ணாடி முழுவதும் வெள்ளைப் பொட்டுகள்.

“இண்டைக்குத் தயிர். நாளைக்கு மோராக் கொண்டருவார்” என்றது வரிசையில் ஒரு குரல்.

“நீ சும்மா இரடாப்பா. அண்ணை, நேற்றையான் பாலைக் கலந்தனீங்களோ?”

“இல்லை.”

“கலக்காட்டி ஏன் திரையுது? பாருங்கோ அண்ணை, மூண்டு தரம் திரைஞ்சால் நம்பரை வெட்டச் சொல்லி மேலை இருந்து ஓடர். பிறகு என்னோடை கோவிக்கக் கூடாது.”

நம்பர் என்பது பால் அட்டையில் உள்ள இலக்கம். அது வெட்டுப்பட்டால் என் பாலை யாரும் எடுக்கமாட்டார்கள். பால் போகாத வீட்டில் இரண்டு மாடுகளுக்குத் தீனி போட முடியாது. ஒன்று போக வேண்டும். திரைந்த பால் மாடு என்று பெயர் எடுத்த மாட்டைக் கறவைக்கு எவரும் வாங்கமாட்டார்கள். மிச்சம் இருப்பது இறைச்சிக்கு வாங்குகிறவர்கள் மட்டும்தான். கானைத் திரும்பச் சைக்கிளில் கட்டும்போதே இவ்வளவும் என் மனதில் ஓடிவிட்டது.

முதலில் சுட்டியில்தான் சந்தேகம் விழுந்தது. முந்திய வருடம் அவளுடைய ஒரு காம்பு வீங்கிப் பிறகு சுகமாகியிருந்தது. ஒழுங்கையில் எல்லோருக்கும் அது தெரியும். “மடிநோய்தான், வேறை என்ன” என்றார்கள். அவளுடைய பாலை வேறாகக் கறந்து கன்றுக்கு விட்டேன். சிவப்பின் பாலை மட்டும் கொண்டுபோனேன். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் சிவப்பின் பாலும் திரைந்தது.

“ஒண்டின்ரை வருத்தம் மற்றதுக்குத் தொத்தியிருக்கும்” என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. “தொத்தினதைக் கழிச்சால்தான் மற்றது தப்பும்.”

கழித்தல் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

மனைவி கண்ணூறு என்றாள். செத்தல் மிளகாயும் உப்பும் வேப்பமிலையும் எடுத்து மாடுகளைச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணூறு இருந்தால் மிளகாய் மணக்காதாம். “பாத்தியளோ, ஒரு காரமும் இல்லை!” என்று சொல்லி முடிக்கவில்லை, இருவருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வடிய ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த மாரியில் நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

அந்தக் கிழமை பால் நிலையத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். மலையகத்துப் பிள்ளை. வேலைக்கு வந்து சில மாதங்கள்தான். எங்கள் பேச்சு அவருக்கும் அவர் பேச்சு எங்களுக்கும் முழுதாகப் பிடிபடாது. கையில் ஒரு தாள். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக் கேட்டுப் புள்ளடி போட்டார். நான் கொட்டில் மரத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

“மடி கழுவிட்டுத்தான் கறக்கிறீங்களா, ஐயா?”

“ஓம் மிஸ்.”

“கான்?”

“அதுவும் கழுவுறனான்.”

“எந்தத் தண்ணியில?”

“கிணத்துத் தண்ணி.”

“அது நல்ல தண்ணியா?”

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்களுக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கிணறுதான். ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். ஐந்து வீட்டார் குடிக்க எங்களிடம்தான் அள்ளுகிறார்கள்.

“நல்ல தண்ணி மிஸ். இந்தச் சுற்றாடலிலை எங்கடை மட்டும்தான் நல்ல தண்ணி.”

அவர் புள்ளடி போட்டார். “அப்ப தண்ணியில பிரச்சினை இல்ல. மாரிக் காலம், மடியில சேறு இருக்கும். இன்னும் நல்லா கழுவுங்க, ஐயா. கானையும் நல்லா அலசுங்க.”

அன்றிலிருந்து நான் கழுவிய கழுவலை எந்த மாடும் கண்டிருக்காது. முன்பு ஒரு வாளி, இப்போது நான்கு. முதுகில் ஊற்றினால் வயிற்றால் இறங்கி, மடியால் வழிந்து, காம்பு நுனியில் சொட்டும். சொட்டச் சொட்ட, ஈரக்கையால் கறந்தேன். கானைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மூன்று முறை அலசினேன். கறப்பதற்கு முன் கடைசியாக இன்னும் ஒருமுறை அலசினேன். மூடி இளக்கமாக இருந்ததால், பால் தளும்பாமல் ஒரு துண்டு வாழையிலையை வைத்து அழுத்துவேன். அந்த இலையையும் கழுவினேன். குளிரில் விரல்கள் விறைத்தன. சுட்டி நடுங்கினாள். “கொஞ்சம் பொறு, உனக்காகத்தான்” என்று அவளுக்குச் சொன்னேன்.

மூன்றாம் முறை திரைந்தது முந்திய இரண்டையும்விட மோசம். குழாயை ஆட்டும் முன்பே பொட்டு விழுந்தது. வரிசையில் அன்று ஒருவரும் பகிடி விடவில்லை. நிலையத்துக்காரர் என் அட்டையை எடுத்து, அடிமட்டம் வைத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். கோடு நேராக இருக்க வேண்டும் என்று அவ்வளவு கவனமாகப் போட்டார்.

என் பாலை எடுப்பார்களா என்று சந்தித் தேத்தண்ணிக் கடையில் கேட்டேன். “அண்ணை, குறை நினையாதேங்கோ. சனம் கதைக்குது” என்றார் கடைக்காரர். சண்டிலிப்பாயில் மனைவியின் ஆட்களிடம் சுட்டியைக் கொஞ்சக் காலம் விடலாமா என்று கேட்டுவித்தேன். தங்கள் மாடுகளுக்கும் தொத்திவிடும் என்று பயந்தார்கள். கோயிலுக்கு விடலாமா என்று தர்மகர்த்தாவிடம் போனேன். “தம்பி, இருக்கிற மாட்டுக்கே வைக்கல் இல்லை” என்றார். போக வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டே இருந்தது. தோட்டக் கரைகளில் தண்ணீர் நின்று புல் அழுகியது. சாக்கில் புண்ணாக்கு அடியில் கிடந்தது.

ஒரு வியாழக்கிழமை இறைச்சிக்கு வாங்குகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பக்கத்து வீட்டு அண்ணை சொல்லி அனுப்பியிருந்தார். கறவைக்கு மாடு பார்க்க வருகிறவர்கள் மடியைத் தடவிப் பார்ப்பார்கள். இவர் மடியைப் பார்க்கவே இல்லை. தொடையைத் தட்டினார். முள்ளந்தண்டில் விரலை வைத்து அழுத்தினார். சுட்டி திரும்பி அவருடைய சட்டையை மணந்தாள்.

“நாளைக்கு வெள்ளி, வேண்டாம். சனி காலமை வாறன். சரிதானே அண்ணை?”

நான் தலையாட்டினேன். ‘இல்லை’ என்று சொல்வதற்கு எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். அதற்குள் அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

மனைவி குசினிக்குள் இருந்தபடியே, “அவளைக் குடுக்கிறதெண்டால் சனிக்கிழமை நான் வீட்டிலை நிக்கமாட்டன்” என்றாள். அன்று அவள் சமைக்கவில்லை. நான் தீனி போடப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டேன். கதைக்கவில்லை. கதைக்காதது சுட்டிக்குப் புதிது. வைக்கலைத் தின்னாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டையை விட்டு அவிழ்த்து, எங்கேயாவது போ என்று துரத்திவிடலாமா என்றும் நினைத்தேன். துரத்தினாலும் பின்னேரம் படலைக்கு வந்து நிற்பாள். அவளுக்கு வேறு வீடு தெரியாது.

வெள்ளி காலை அந்த உத்தியோகத்தர் திரும்ப வந்தார். ஒருவரும் அனுப்பவில்லையாம், தானாகவே வந்தாராம். “நீங்க கழுவுறேன்னு சொன்னீங்க, நான் இன்னும் கழுவச் சொன்னேன், ஐயா. கழுவக் கழுவ பால் மோசமானா அது எனக்குக் கணக்குச் சரியா வரல” என்றார். மூன்று சின்னப் போத்தல்கள் கொண்டுவந்திருந்தார். இந்த முறை தண்ணீரே ஊற்றவிடவில்லை. காம்புகளை மருந்துப் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சலைக் கீழே விட்டுவிட்டு, சுட்டியின் பால் ஒரு போத்தலில் நேராக, சிவப்பின் பால் ஒரு போத்தலில் நேராக. மிச்சத்தை வழக்கம்போல நான் கழுவிய கானில் கறக்கச் சொல்லி, அதிலிருந்து மூன்றாவது போத்தல்.

“பின்னேரம் நிலையத்துக்கு வாங்க.”

போனேன். வரிசை இல்லாத நேரம் என்பதால் போக முடிந்தது. மூன்று போத்தலிலும் நீல மருந்து விட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தார். பாலில் கிருமி கூடினால் நீலம் அழிந்து வெள்ளையாகுமாம். எவ்வளவு கெதியில் அழிகிறதோ அவ்வளவு கிருமி. இரண்டு போத்தல் இன்னும் நீலமாக நின்றன. ஒன்று வெள்ளை.

“வெள்ளை ஆரின்ரை, மிஸ்?” என்றேன். சுட்டியுடையது என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

“அது மாட்டோடது இல்ல, ஐயா. கானோடது.”

எனக்கு விளங்கவில்லை.

“ரெண்டு மாடும் சுகம். மடியில இருந்து வர்றப்ப பால் நல்லாத்தான் வருது. உங்க கான், உங்க கை, வழியுற தண்ணி, அதுலதான் எல்லாம். நான் இன்னைக்கு உங்க கிணத்தையும் பார்த்தேன். கட்டு உடைஞ்சிருக்கு. சாணி குவிச்ச எருக்கும்பி பக்கத்துல இருக்கு. நல்ல தண்ணின்னு சொன்னீங்களே?”

“நல்ல தண்ணிதான் மிஸ். உப்பே இல்லை.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“உப்பு இல்லாததுக்கா நல்ல தண்ணின்னு சொன்னீங்க?”

“வேறை என்னத்துக்கு அப்பிடிச் சொல்லுறது, மிஸ்?”

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். “நான் சுத்தமான்னுதான் கேட்டேன்” என்று மெதுவாகச் சொன்னார். “நீங்க சொன்னதைக் கேட்டு இன்னும் கழுவுங்கன்னு நான்தானே சொன்னேன்.”

எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சொல். உவர் இல்லாவிட்டால் நல்ல தண்ணி. அதற்கு மேல் அந்தத் தண்ணீரைப் பற்றி நாங்கள் எதுவும் கேட்பதில்லை.

கோடையில் எங்கள் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். மாரியில் குனிந்து வாளியால் கோலலாம். எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஓட்டையும் வெடிப்புமாக இருக்கும். அவ்வளவு மேலே ஏறி வந்த தண்ணீர், எருக்கும்பியையும் கக்கூசுக் குழியையும் தொட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது. தெளிவாக இருந்தது. தித்திப்பாக இருந்தது. அதைத்தான் நான் நான்கு வாளி ஊற்றியிருக்கிறேன்.

“நாங்கள் அதைத்தான் குடிக்கிறம், மிஸ்” என்றேன்.

“கொதிக்க வச்சுக் குடிங்க, ஐயா. பாலுக்கு அது இன்னும் மோசம். ஒரு துளி போதும். இளஞ்சூடு, இனிப்பு, கொழுப்பு. கிருமிக்கு அது கல்யாண வீடு. வெயில் காலத்துல கான் காயும், தண்ணி ஆழத்துல இருக்கும், மாடு காஞ்ச நிலத்துல படுக்கும். அதே மாடு, அதே பால். வெளியில இருக்கிறது மாறினா பாலுக்குள்ள இருக்கிறதும் மாறும்.”

நம்பரைத் திரும்பத் தருவார்களா என்று கேட்க வேண்டும். அவரே சொன்னார்: “மேல கதைச்சுப் பார்க்கிறேன். தருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது.”

மழையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். மாட்டில் பிழையில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அட்டையில் கோடு இருக்கிறது, தீனி இல்லை, நான் தலையாட்டிய தலையாட்டலும் இருக்கிறது. எது மாறியது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

சனி காலை இறைச்சிக்கு வாங்குகிறவர் ஒரு சின்ன லொறியோடு வந்தார். கையில் புதுக் கயிறு. மாட்டை விற்றாலும் கயிற்றை நாங்கள் கொடுப்பதில்லை. விற்கிறவர் தன் கயிற்றைத் தன் கையால் அவிழ்க்க வேண்டும், வாங்குகிறவர் தன்னுடையதைக் கட்ட வேண்டும். அதோடு மாடு கைமாறும். அவர் புதுக் கயிற்றைச் சுட்டியின் கழுத்தில் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவிழுங்கோ அண்ணை.”

நான் கட்டையடியில் குந்தியிருந்தேன். கயிறு மழையில் ஊறி முடிச்சு இறுகியிருந்தது. அதில் கையை வைத்தேன்.

“அவிழுங்கோ. மழை கூடுது.”

“மாட்டிலை பிழையில்லை” என்றேன்.

“என்ன?”

“தண்ணியிலைதான் பிழை.”

லொறிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “அண்ணைக்கு மழை மண்டைக்கை இறங்கீட்டுது. அண்ணை, எனக்குத் தண்ணி வேண்டாம், மாடுதான் வேணும். வாக்குத் தந்தனீங்களோ இல்லையோ?”

“ஓம்.”

“அப்ப அவிழுங்கோ.”

கை முடிச்சிலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குச் சொல்ல வேண்டியது ஒரேயொரு சொல்தான். கடைசியில் அவரே பொறுமை இழந்து குனிந்து முடிச்சைப் பிடித்தார். அவருடைய விரல் என் விரலில் பட்டது. அப்போது நான், “விடமாட்டன்!” என்று கத்திவிட்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததை மனைவியும் கேட்டதில்லை. குசினியிலிருந்து ஓடி வந்தாள். மாடுகள் இரண்டும் மிரண்டன. அவர் கையை எடுத்தார்.

“ஆம்பிளை கதைக்கிற கதையே இது?” என்று காறித் துப்பிவிட்டுப் புதுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் சொன்னதில் பிழையில்லை. வாக்குத் தவறியவன் நான்தான். நான் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், நம்பர் இல்லை. இரண்டு மாட்டின் பாலும் கன்றுக்கும் எங்களுக்கும் போக மிச்சம் தென்னைக்கு. நாளுக்குக் கொஞ்சமாகத் தீனியைக் குறைத்தேன். மாடுகளின் விலா எலும்பு தெரிந்தது. அந்த மூன்று கிழமையை எழுத எனக்கு மனமில்லை. காம்பை மட்டும் ஆறிய கொதிதண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, காய்ந்த கையால் கறக்கப் பழகினேன். கானுக்குள் கொதிதண்ணீர் ஊற்றி, அடுப்படியில் கவிழ்த்துக் காயவைத்தேன். வாழையிலையை எறிந்துவிட்டேன். ஒரு நாள் உத்தியோகத்தர் சொல்லி அனுப்பினார், ஒருமுறை கொண்டுவந்து பார்க்கலாம் என்று. நிலையத்துக்காரர் குழாயை ஆட்டினார். நான் அந்த முறை வேறு எங்கும் பார்க்கவில்லை. பால் ஒட்டாமல் வழிந்தது. அவர் இன்னொருமுறை ஆட்டினார். பிறகு ஒரு புது அட்டை எடுத்தார்.

ஒழுங்கைச் சனத்திடம் மனைவி கிணற்றைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். “உங்கடை பால் திரைஞ்சதுக்கு நல்ல தண்ணிக் கிணத்திலை பழியைப் போடுறியளோ?” என்று ஒருத்தி கேட்டாளாம். இன்னும் ஐந்து வீடும் அதில்தான் அள்ளுகிறது. அதில் இரண்டு வீட்டில் கறவை மாடு நிற்கிறது. அவர்களும் நன்றாகத்தான் கழுவுகிறார்கள்.

எழுதி முடித்தது, தைப்பூசத்துக்கு முதல் நாள், மழை விட்ட ஒரு பின்னேரம்.